அக்காவுக்குப் பொடி மீன்

அத்தியாயம் 14

போன வாரம் கலோலைனே குளியலறைப் படியில் சறுக்கியதோடு அவளை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பதறிப்போன வாசகிகள் முதலில் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். அவள் விழவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

ஆனால் அவள் நின்ற அந்த இரண்டு நிமிஷத்தில் தம்பி பெண்டாட்டி லெசியேலிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வராமல் என்ன செய்யும்? மூன்று மாதத்துக்கு முன்னால்தான் கலோலைனே முற்றத்தில் விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரத்தில் கூட வேண்டிய எலும்பு இன்னும் அடம்பிடித்துக்கொண்டிருக்கிறது. "எலும்பு ரொம்ப மெலிஞ்சிருக்கு. அடுத்த தடவை இடுப்பு போச்சுன்னா எழுந்து நடக்கிறது கஷ்டம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் வெளி வாசலைத் தாண்டவில்லை.

செய்தி ஆக்லாந்தில் இருக்கும் மகன் சேமிசிக்கும் போய்விட்டது. தங்கமான பிள்ளை. தங்கமான பிள்ளைகள்தான் இந்த மாதிரி நேரத்தில் கழுத்தை அறுப்பார்கள்.

"மாமி, உங்க மேல குறை சொல்லலை," என்று போனில் சொன்னான். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிடறேன். அம்மா ஒழுங்கா சாப்பிட்டு நடமாட ஆரம்பிச்சிருந்தா சரி. இல்லேன்னா அன்னிக்கே டிக்கெட் போட்டு இங்கே கூட்டிட்டு வந்துடறேன்."

இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை.

நாத்தனார் ஊரை விட்டுப் போனால் நிம்மதி என்று நினைக்கிற பெண்கள் டோங்கா நாட்டின் இந்த வவாவு தீவிலும் உண்டு. லெசியேலி அந்த ரகம் இல்லை. ஹாபாய் தீவிலிருந்து ஒரே ஒரு பாயோடு கல்யாணமாகி வந்தவள் அவள். "மீன் நாத்தம் இன்னும் போகலை" என்று மாமியார் முகம் சுளித்த முதல் விருந்தில், "எனக்குப் பக்கத்துல இந்தப் பொண்ணை உக்கார வைங்க. இல்லேன்னா எனக்குச் சாப்பாடு வேண்டாம்" என்று சொன்னது கலோலைனே. அக்கா சொன்னால் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. அந்த ஒரு வார்த்தையில்தான் லெசியேலி இருபத்து நாலு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறாள்.

டோங்காவில் தம்பி வீட்டுக்கு அக்காதான் ராணி. அவளுக்கு ஃபாஹூ என்று பெயர். கல்யாணமோ சாவோ, நடுவில் அவளை உட்காரவைத்து முதல் பாய், முதல் பன்றி எல்லாம் அவளுக்கே. அவள் கைகாட்டியதைக் கொடுத்தே ஆக வேண்டும். தம்பி அவள் இருக்கும் அறையில் உட்கார மாட்டான். அவள் உடம்பைப் பற்றி அவன் காதுபட யாரும் பேசக் கூடாது.

இப்போது புரிகிறதா லெசியேலியின் பாடு? அக்காவின் எலும்பைப் பற்றித் தம்பியிடம் சொல்ல முடியாது. நர்ஸ் ஃபீனே சொன்னதை அக்காவிடமும் சொல்ல முடியாது.

நர்ஸ் மூன்று வாரத்துக்கு முன் கேட்டாள், "வீட்டுல என்ன சாப்பிடறாங்க?"

லெசியேலி பெருமையாகத்தான் பட்டியல் போட்டாள். "நல்லதா மட்டும்தான் வைப்போம் சிஸ்டர். டின் மாட்டிறைச்சி, ஆட்டு விலா, பன்றி, பெரிய வள்ளிக்கிழங்கு, வெள்ளை ரொட்டி."

"கீரை?"

"கீரையா? அவங்களுக்கா?"

"முள்ளோட சின்ன மீன்?"

"அது பிள்ளைங்க சமையல் குடிசையில உக்காந்து தின்னுறது."

"முட்டை, பப்பாளி?"

"அதுவும் பிள்ளைங்களுக்கு."

"வெயில்ல கொஞ்ச நேரமாவது உக்காருவாங்களா?"

"ஃபாஹூவை எப்படி சிஸ்டர் வெயில்ல உக்கார வைக்கிறது? ஊரு சிரிக்கும்."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "இந்த ஊர்லயே மரியாதை ஜாஸ்தியாகி எலும்பு கரைஞ்சவங்க உங்க நாத்தனார்தான்."

லெசியேலிக்குச் சுருக்கென்றது. நர்ஸ் பொறுமையாக விளக்கினாள். முள்ளோடு மெல்லும் பொடி மீனில் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து. அதே மீனின் கொழுப்பிலும் முட்டை மஞ்சள் கருவிலும் வைட்டமின் டி. ஆனால் அதில் பெரும் பங்கு காலை வெயிலில். வேலியோரம் மண்டிக்கிடக்கும் பேலே கீரையில் வைட்டமின் கே. பப்பாளியிலும் கொய்யாவிலும் வைட்டமின் சி.

"டின் இறைச்சி உப்பு இருக்கே, அது ஜாஸ்தியானா உள்ளே இருக்கிற சுண்ணாம்பையும் சிறுநீரோட வெளியே தள்ளிடும். டாக்டர் மாத்திரை நல்லதுதான். ஆனா மாத்திரை மட்டும் போதாது. ஒரு வருஷமாவது ஒழுங்கா சாப்பிடணும். அதுக்குள்ளே காலுக்கும் பலம் வேணும்."

எல்லாமே கொல்லையில் கிடைக்கிறது. எதையும் நாத்தனார் தட்டில் வைக்க முடியாது. வைத்தால், தம்பி சோற்றுக்கு வழியில்லாமல் அக்காவுக்குக் கீரை போடுகிறான் என்று ஊர் பேசும்.

அதனால் லெசியேலி ஒரு திருட்டு வேலை செய்தாள்.

---

ஞாயிறு காலை. கல் காய்ந்து குழி அடுப்பிலிருந்து புகை அடங்கிக்கொண்டிருந்தது. சமையல் குடிசையில் லெசியேலி சேப்ப இலைகளை விரித்து, தேங்காய்ப்பாலும் டின் இறைச்சியும் வைத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது பொட்டலம் ஊருக்குத் தெரிந்த பொட்டலம். பத்தாவதில் இறைச்சி ஒரு கைப்பிடிதான். மீதியெல்லாம் பொடியாக நறுக்கிய பேலே கீரையும், மொறுமொறுவென்று சுட்டு இடித்த பொடி மீனும்.

இரண்டு ஞாயிறு இப்படி ஓட்டிவிட்டாள். கலோலைனே பேசாமல் சாப்பிட்டாள்.

மகள் எலெனோவா குடிசைக்குள் எட்டிப் பார்த்தாள். இவளுக்குத்தான் ஆறு வாரத்தில் கல்யாணம்.

"அம்மா, மணி அடிக்கப் போறாங்க. இன்னும் என்ன இடிச்சிட்டிருக்க?"

"நீ போய் அத்தைக்கு உடுப்புக்கு மேல இடுப்புப் பாய் கட்டி விடு."

"அத்தைதான் சர்ச்சுக்கு வர்றதில்லையே."

"வராட்டியும் மரியாதைக்குக் கட்டிக்கணும்னு சொல்வாங்க. போ."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னம்மா ஆகும்?"

"தெரியாது. நீ வாயை வெச்சிட்டு சும்மா இரு."

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. மீன் இன்னும் மாவாகவில்லை. தலையும் முள்ளும் கொஞ்சம் கொரகொரவென்றே இருந்தன. போகட்டும் என்று அள்ளி இலையில் போட்டாள். கீரை அதிகம் ஆனதால் பொட்டலம் மற்றதைவிடப் பெருத்திருந்தது. அடையாளத்துக்கு மேலே நாரில் இரட்டை முடிச்சுப் போட்டாள். எல்லாவற்றையும் குழிக்குள் இறக்கி மண்ணை மூடிவிட்டு, ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சர்ச்சுக்கு ஓடினாள்.

போதகர் அன்று எதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. நாலு மணி என்பது மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

போதகருக்கும் அவர் மனைவிக்கும் இந்த வாரச் சாப்பாடு இவர்கள் வீட்டில். கூடத்தில் பாய் விரித்து, தலைமாட்டில் கலோலைனே, அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விருந்தாளிகள். வீட்டுக்காரர்கள் பரிமாறிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். அவர்கள் சாப்பாடு பிறகுதான். லெசியேலி வள்ளிக்கிழங்கை வெட்டிக்கொண்டு பின்னாலேயே நின்றாள். விருந்தாளிகள் வரும் நாளில் மட்டும் தட்டு எடுத்து வைக்கும் பொறுப்பு அவள் கணவன் விலிசோனியுடையது.

விலிசோனி நல்ல மனுஷன். நல்ல மனுஷர்களுக்கே உரிய ஒரு கோளாறும் உண்டு. எதையும் கேட்காமல் செய்துவிடுவான்.

பத்துப் பொட்டலத்தையும் ஒரு நோட்டம் விட்டான். ஒன்று மட்டும் கொழுகொழுவென்று, மேலே இரட்டை முடிச்சோடு. அடடா, லெசி போதகருக்கென்று தனியாகக் கட்டியிருக்கிறாள் என்று அவன் மனசு குளிர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்ப் போதகர் முன்னால் வைத்துவிட்டு, அக்காவைப் பார்க்காமல் தலையைக் குனிந்தபடி வாசல் பக்கம் போய்விட்டான்.

லெசியேலி கிழங்குத் தட்டோடு உள்ளே வந்தபோது போதகர் நாரைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள்.

"ஐயா, அது சூடா இருக்கு, வேற எடுத்துத் தரேன்."

"சூடுதான் நல்லா இருக்கும்மா," என்று போதகர் ஒரு பெரிய வாயாக அள்ளிப் போட்டுக்கொண்டார்.

மென்றார். நிறுத்தினார். மறுபடி மென்றார். கடைவாயில் ஏதோ நொறுங்கிய சத்தம் பாய் முழுவதும் கேட்டது. இரண்டு விரலை வாய்க்குள் விட்டு ஒரு மீன் தலையை எடுத்தார். கட்டை விரல் நகம் அளவு இருக்கும்.

"இது மாட்டிறைச்சி இல்லையே," என்றார் சாந்தமாக.

போதகரம்மா எட்டிப் பார்த்தாள். கீரையைக் கரண்டியால் கிளறினாள். "பேலே. பொடி மீன். என்ன லெசியேலி, போதகருக்கு வெக்கிற சாப்பாடா இது?"

"தப்பா வந்திருச்சு அம்மா. அது அவருக்கு வெச்சது இல்லை."

"பின்னே யாருக்கு?"

லெசியேலிக்குப் பொய் வாயில் வரவில்லை. அவள் கண் தன்னையறியாமல் தலைமாட்டுப் பக்கம் போனது. போதகரம்மாவுக்கு அது போதும்.

"ஃபாஹூவுக்கா?" என்றாள். குரல் வாசலைத் தாண்டிப் போனது. "ஹாபாய்ல முள்ளையும் விட்டு வைக்க மாட்டாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். அதுக்காக நாத்தனார் வாயிலயும் திணிக்கணுமா? விலிசோனி வீட்டுல பன்றியெல்லாம் செத்துப் போச்சா?"

வாசலில் விலிசோனி நின்றுகொண்டிருந்தான். கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது.

கலோலைனே கையைத் துடைத்தாள். கோலை ஊன்றி, எலெனோவா தோளைப் பிடித்து, நிதானமாக எழுந்து தன் அறைக்குப் போனாள். கதவுத் திரை விழுந்தது.

போதகர் மட்டும் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ருசி நல்லாத்தான் இருக்கு," என்று மெல்லச் சொன்னார். மனைவி முறைத்ததைப் பார்த்தும் அவர் நிறுத்தவில்லை.

---

சமையல் குடிசையில் விலிசோனி சத்தம் போடவில்லை. அதுதான் லெசியேலிக்குப் பயமாக இருந்தது.

"எத்தனை நாளா நடக்குது?"

"மூணு வாரமா."

"என் அக்காவுக்கு. என் வீட்டுல. கீரை."

"ஆமாங்க."

"எதுக்கு லெசி? நம்ம கையில இல்லையா? நல்லது எது கிடைச்சாலும் முதல்ல அக்காவுக்குத்தானே போகுது?"

"அதுதாங்க வினையே."

அவன் புரியாமல் பார்த்தான்.

"உங்க அக்கா எலும்பு..." என்று அவள் ஆரம்பித்ததும் அவன் சட்டென்று எழுந்தான். பழக்கம். அக்காவின் உடம்பைப் பற்றிப் பேச்சு வந்தால் அவன் கால் தானாக வெளியே நடக்கும்.

லெசியேலி குறுக்கே போய் வாசலை மறித்துக்கொண்டாள். இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவை.

"இன்னிக்கு நீங்க கேட்டுத்தான் ஆகணும். காதைப் பொத்திக்கிட்டாலும் சத்தமா சொல்லுவேன். அவங்க எலும்பு கரைஞ்சிட்டு வருது. இன்னொரு தடவை விழுந்தா நடக்கவே முடியாம போயிடலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நாம ஆசை ஆசையா வெச்ச உப்பு இறைச்சிதான் அவங்களை அரிச்சிட்டிருக்கு. நம்ம பிள்ளை எலெனோவா குடிசையில உக்காந்து தின்ன கீரையும் மீனும்தான் அவங்களுக்கு வேணும். அறுபத்திரெண்டு வயசு வரைக்கும் ஒரு நாள் அதை யாராவது அவங்களுக்குக் குடுத்திருக்கோமா?"

விலிசோனி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். காதுமடல் சிவந்திருந்தது. வெட்கமா, துக்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நாலு மணிக்கு சேமிசி கூப்பிடுவான்," என்றாள் லெசியேலி. "நான் என்ன சொல்லட்டும்?"

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, தன்னிடம் இருந்ததிலேயே நல்ல பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு நாத்தனாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள்.

---

கலோலைனே படுக்கை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். லெசியேலி கீழே உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க."

"சேமிசி கூப்பிட்டா நான் வரேன்னு சொல்லிடு."

லெசியேலிக்கு அடக்க முடியவில்லை. இடுப்பில் கட்டியிருந்த பாயின் ஓரத்தையே முந்தானை மாதிரி வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"ஏண்டி அழறே? நான்தானே கோவமா இருக்கேன்."

"உங்களை நான் அவமானப்படுத்திட்டேன்."

"அவமானமா? நீயா? போன ரெண்டு வாரமும் அந்தப் பொட்டலத்துல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? என் நாக்கு என்ன மரக்கட்டையா?"

லெசியேலி நிமிர்ந்து பார்த்தாள்.

"சனிக்கிழமை வந்தாலே நாளைக்கு அது கிடைக்கும்னு காத்திட்டிருந்தேன். இன்னிக்கு முள்ளோட வெச்சிருக்கே. அதையும் அந்த மனுஷன் தின்னுட்டார். எனக்குக் கோவம் வராதா?"

லெசியேலிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்து மூக்கு வழியாக வந்தது.

கலோலைனே திரைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சின்ன வயசுல நான் பெரிய வீட்டுல பாய் மேல தனியா உக்காந்திருப்பேன். முன்னால பன்றித் தொடை. விலிசோனியும் மத்த பசங்களும் குடிசையில பொடி மீனைத் தணல்ல சுட்டு, தலையைக் கடிச்சு, அடிச்சுப் பிடிச்சுச் சிரிச்சிட்டிருப்பாங்க. அந்த வாசனை இங்கே வரைக்கும் வரும். ஒரு நாள் எனக்கும் வேணும்னு கேட்டேன். அப்பா எங்கம்மாவைத் திட்டின திட்டு இன்னும் காதுல இருக்கு. 'என் மூத்த பொண்ணுக்குப் போட வேற ஒண்ணும் இல்லையான்னு ஊர் கேக்கும்'னாரு. அதோட நான் கேக்குறதை விட்டுட்டேன்."

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே அண்ணி."

"எப்படிடி கேப்பேன்? நான் கேட்டா நீ குடுப்பே. பார்த்தவ போதகரம்மாகிட்டச் சொல்லுவா. தம்பி தலை குனிஞ்சு நடப்பான். இன்னிக்கு வாசல்ல அவன் நின்னதைப் பாத்தியா?" அவள் தன் மெலிந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். "ஆக்லாந்துல எனக்கு யாரைத் தெரியும்? அங்கே போனா ஃபாஹூவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எதைத் தின்னாலும் கேக்க ஆளில்லை. அதான் போறேங்கறேன். உன்னை விட்டுப் போகணும்னு எனக்கென்ன ஆசையா?"

லெசியேலி அவள் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். தானே நாளைக்கு வெளிப்படையாக மீனைக் கொண்டுவந்து வைத்தாலும் ஊர் விலிசோனியைத்தான் பேசும். அக்காவுக்குக் கொடுக்கிற கை தம்பியுடையதாக இருக்க வேண்டும். அவனோ இந்தப் பேச்சு வந்தாலே ஓடுகிறவன்.

அப்போது திரைக்கு வெளியே யாரோ தரையில் உட்காரும் சத்தம். தொண்டையைச் செருமும் சத்தம்.

---

லெசியேலி திரையை ஓரமாக விலக்கிப் பார்த்தாள்.

விலிசோனி. அறை வாசலுக்கு நாலு முழம் தள்ளிச் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். அரசர் முன்னால் போகிறவன் மாதிரி பெரிய இடுப்புப் பாயைக் கட்டியிருந்தான். தலை குனிந்திருந்தது. அவன் முன்னால் தென்னங்கீற்றுத் தட்டு. அதில் பிள்ளைகளுக்கென்று குழி அடுப்பில் வைத்திருந்த பொடி மீன், தேங்காய்ப்பாலில் வெந்த பேலே கீரை, நாலு அவித்த முட்டை, பிளந்த பப்பாளி. கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த போதகரும் மனைவியும் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

விலிசோனி கூட்டத்தில் பேசுகிற குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தான்.

"அக்கா. பெரிசா ஒண்ணும் கொண்டு வரலை."

இது டோங்கா வழக்கம். ஆறு ஆள் தூக்கும் பன்றியைக் கொண்டுவந்து வைத்தாலும் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இன்றைக்குத்தான் அந்த வார்த்தை உண்மையாக இருந்தது.

"இது என் நிலத்துக் கீரை. என் பெண்டாட்டி கடல்ல இறங்கிப் பிடிச்ச மீன். என் கோழி போட்ட முட்டை. இந்த வருஷத்து முதல் விளைச்சல். முதல் விளைச்சல் ஃபாஹூவுக்குத்தான் போகணும்."

"பேலே வருஷம் பூரா வேலியில தானேப்பா வளருது," என்று எலெனோவா தனக்குள் முணுமுணுத்தாள். லெசியேலி அவள் காலை மிதித்தாள்.

விலிசோனி தொடர்ந்தான். "இத்தனை வருஷமா இதை உங்களுக்குத் தராம நாங்களே தின்னுட்டோம். தப்பு என்னுது. இன்னிலேர்ந்து மீனோ கீரையோ முட்டையோ, ஒவ்வொரு நாளும் முதல் பங்கு உங்களுக்கு. நீங்க தொடாம இந்த வீட்டுல ஒருத்தரும் தொட மாட்டோம்."



போதகரம்மாவுக்கு இனி என்ன சொல்ல இருக்கிறது? முதல் விளைச்சல் என்று தம்பி வாயால் சொல்லி, முறைப்படி சப்பணமிட்டு வைத்த பிறகு அது கீரை இல்லை. பன்றிக்கு மேலே போய்விட்டது. நாளைக்கே ஊரில் நாலு பேர் தங்கள் அக்காமாருக்குப் பேலே பறிக்கப் போவார்கள். போதகர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல காணிக்கை," என்று உரக்கச் சொன்னார். முறைப்படி யாராவது சொல்ல வேண்டிய வார்த்தை அது.

லெசியேலி தட்டை உள்ளே எடுத்துவந்து நாத்தனார் மடிக்கு முன்னால் வைத்தாள். கலோலைனே வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பிக்கு நன்றி சொல்லு," என்றாள். திரைக்கு இந்தப் பக்கம் இருந்து அவன் காதில் விழும்படிதான் சொன்னாள். நேராகப் பேசுவது முறை இல்லை. "அவன் குடுத்ததை நான் ஏத்துக்கிட்டேன்னு சொல்லு."

"ஏத்துக்கிட்டாங்களாம்," என்றாள் லெசியேலி.

கலோலைனே ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கினாள். தலையோடு, முள்ளோடு, முழுசாகக் கடித்தாள். மொறுக் என்று நொறுங்கியது. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்தது.

விலிசோனி எழுந்து போகாமல் வெளியே அங்கேயே உட்கார்ந்திருந்தான். அக்கா சாப்பிடுவதை அவன் பார்க்கக் கூடாது. கேட்கக் கூடாதென்று யாரும் சொன்னதில்லை. லெசியேலி திரை இடுக்கில் பார்த்தபோது அவன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த மனுஷன் மேல் அவளுக்கு வந்த பாசத்துக்கு அளவே இல்லை.

---

சரியாக நாலு மணிக்குப் போன் அடித்தது.

"மாமி, அம்மா எப்படி இருக்காங்க?"

லெசியேலி வாயைத் திறப்பதற்குள் கலோலைனே கையை நீட்டினாள். "குடு இங்கே."

போன் திரையில் சேமிசியின் முகம் பெரிதாக வந்தது. "என்னம்மா வாயில?"

"மீன்."

"சாப்பிடறீங்களா?"

"சாப்பிடாம உன்கிட்டக் காட்டிக்கிட்டா இருக்கேன்?"

"சந்தோஷம்மா. ஆனா சாப்பிட்டா மட்டும் போதாது. நடக்கிறீங்களா? வாசலைத் தாண்டி மூணு மாசம் ஆச்சாமே. நான் டிக்கெட் பாத்து வெச்சிட்டேன், இப்பவே போட்டுடறேன்."

"போடு," என்றாள் கலோலைனே.

லெசியேலி போனைப் பிடுங்கக் கையை நீட்டினாள்.

"உனக்குப் போடு. எலெனோவா கல்யாணத்துக்கு வா. வந்து நீயே பாரு. அன்னிக்கு சர்ச்சிலேர்ந்து வீடு வரைக்கும் நான் நடப்பேன். கோல் இல்லாம, யார் கையையும் பிடிக்காம. நடந்துட்டேன்னா இங்கேதான் இருப்பேன், இந்தப் பேச்சை நீ மறுபடி எடுக்கக் கூடாது. நடக்க முடியலைன்னா அன்னிக்கே உன்கூட விமானம் ஏறிடறேன்."

சேமிசி போனுக்கு இன்னும் நெருங்கி வந்தான்.

"அது முன்னூறு அடிம்மா. ஏத்தம் வேற."

"நான் பொறந்த ஊரு. எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா?"

"ஃபாஹூ சொன்னா சொன்னதுதான்." போனை அணைத்து லெசியேலி கையில் கொடுத்துவிட்டாள்.

லெசியேலி போனைக் கீழே வைத்தாள். "அண்ணி, நர்ஸ் ஒரு வருஷம் ஆகும்னு சொன்னாங்க. நமக்கு ஆறு வாரம்தான் இருக்கு. வழியில விழுந்துட்டீங்கன்னா? யோசிக்காம இப்படிப் பந்தயம் கட்டிட்டீங்களே."

"யோசிச்சுத்தான் கட்டினேன். சும்மா உக்காந்திருந்தா அவன் என்னிக்கிருந்தாலும் கூட்டிட்டுப் போயிடுவான். நாளைக்குக் காலையில வெயில் வந்ததும் என்னை எழுப்பி முற்றத்துல உக்கார வை. யாரு சிரிச்சாலும் சிரிக்கட்டும்."

சொல்லிவிட்டுக் கோலைச் சுவரில் சாய்த்தாள். படுக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். லெசியேலி பதறி இரண்டு கையையும் நீட்டினாள்.

"தொடாதே. பக்கத்துல வா, அது போதும்."

ஒரு அடி. கால் நடுங்கியது. இரண்டு. லெசியேலி பின்னாலேயே கையைக் குவித்தபடி குனிந்து நகர்ந்தாள். மூன்று. நாலாவது அடியில் கலோலைனேயின் விரல்கள் கதவு நிலையை எட்டின. இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"நாலு," என்றாள் மூச்சு வாங்க. "இன்னும் எத்தனைடி இருக்கு?"

லெசியேலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இருநூத்துத் தொண்ணூத்தாறு, அண்ணி."